ஆண்களுக்கான எடைக்குறைப்பு மருந்துகள்: எது யாருக்கு, எப்படிப் போடுவது, எங்கே சறுக்கும்

#1 தராசு

மருத்துவர் சீட்டோடு மட்டும் வாங்க வேண்டிய எடைக்குறைப்பு மருந்துகளுக்கான இழை இது. பொடி, லேகியம், வயிற்றில் கட்டும் பெல்ட் எதுவும் இங்கே வேண்டாம். போட்டால் தூக்கிவிடுவேன்.

ஆண்களுக்கென்று தனியாக ஒரு மருந்து கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குதான் வேறு. ஆண்களுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள்ளேயே, கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேர்கிறது. ரத்த அழுத்தம், குறட்டை, கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கம்), ஆண்மைக் குறைவு, இளவயது மாரடைப்பு எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. அதனால் "எது அதிகக் கிலோ குறைக்கும்" என்ற கேள்வியோடு நின்றால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம்.

பேச வசதியாக ஒரு காகித ஆள்: வயது 42, உயரம் 174 செ.மீ., எடை 112 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற குறியீடு) 37, இடுப்புச் சுற்றளவு 118 செ.மீ. அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை ஓடுகிறது. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.1. பலத்த குறட்டை, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார். இவருக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

#2 மாத்திரைப்பெட்டி

அலமாரியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் இரண்டு. செமாகுளுடைடு 0.25 மி.கி.யில் தொடங்கும். நான்கு வாரத்துக்கு ஒரு படி ஏறி 0.5, 1, 1.7, கடைசியில் வழக்கமாக 2.4. டிர்செபடைடு 2.5 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரம் கழித்து 5. அதற்குப் பிறகு தேவைப்பட்டால் மட்டும் 2.5, 2.5 ஆகக் கூட்டி 15 வரை. ஆரம்ப அளவு எடையைக் குறைப்பதற்கில்லை, வயிற்றைப் பழக்குவதற்கு. முதல் மாதம் முள் நகரவில்லை என்று யாராவது புலம்பினால் இதைச் சொல்லுங்கள்.

தினசரி ஊசி லிராகுளுடைடு. 0.6 மி.கி.யில் தொடங்கி வாரம் 0.6 கூட்டி 3 மி.கி. வரை. இப்போது மற்ற இரண்டின் நிழலில் நிற்கிறது.

மாத்திரைகளில் முதலில் ஆர்லிஸ்டாட், 120 மி.கி., கொழுப்புள்ள ஒவ்வொரு சாப்பாட்டோடும். உணவுக் கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். மூளைக்குப் போவதில்லை, பசியைத் தொடுவதில்லை. அடுத்து நால்ட்ரெக்ஸோன்-புப்ரோபியான் கலவை. அதன் பிறகு ஃபென்டர்மின் தனியாகவும், டோபிரமேட்டோடு சேர்ந்தும்.

எல்லா நாட்டிலும் எல்லாமே அனுமதி பெற்றவை அல்ல. ஃபென்டர்மினைப் பல நாடுகள் உள்ளேயே விடுவதில்லை.

தகுதிக் கோடு பொதுவாக பிஎம்ஐ 30. அழுத்தம், சர்க்கரை, தூக்கத்தில் வரும் மூச்சுத் தடை போல ஒன்று கூட இருந்தால் 27. தெற்காசிய உடம்புக்கு இந்தக் கோட்டைச் சுமார் 2.5 குறைத்துப் பார்க்கச் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. அதே பிஎம்ஐயில் நமக்கு வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் முந்திக்கொண்டு வருகின்றன.

#3 நாடி

மருந்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகளைப் பார்ப்பேன். ஓலன்சபின், குவெட்டியாபின், மிர்டசபின், அமிட்ரிப்டிலின், வால்ப்ரோவேட், பிரிகாபலின், பிரெட்னிசோலோன், பழைய பீட்டா தடுப்பிகளான அடினலால், ப்ரோப்ரனலால், சர்க்கரைக்கு சல்ஃபோனிலூரியா, இன்சுலின்: இவை ஒவ்வொன்றும் எடை ஏற்றக்கூடியவை. மாற்ற முடிந்ததை மாற்றாமல் மேலே இன்னொரு மருந்தைப் போடுவது ஒரு காலில் பிரேக், மறுகாலில் ஆக்சிலரேட்டர். நீங்களாக நிறுத்தாதீர்கள், மனநல மருந்துகளைக் குறிப்பாக. எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

தராசு சாரின் காகித ஆளுக்கு வருவோம். அவருக்கு முதலில் தேவை தூக்கப் பரிசோதனை. மிதமான அல்லது கடுமையான மூச்சுத் தடை உறுதியானால் தேர்வு டிர்செபடைடு பக்கம் சாயும். 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதை உடல்பருமனோடு கூடிய மூச்சுத் தடைக்கே அனுமதித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் கலந்துகொண்டவர்களில் பெரும்பான்மை ஆண்கள். சராசரியாக மணிக்கு 50 முறை அளவில் மூச்சு தடைப்பட்டவர்களுக்குச் சுமார் 25 முதல் 29 வரை குறைந்தது. மீதி பாதி இன்னும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். குறட்டை அடங்கியதும் சிபேப் கருவியை (தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தருவது) பரணில் ஏற்றிவிடக் கூடாது. மறுபடி பரிசோதித்த பிறகுதான்.

அதே ஆளுக்கு ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் செமாகுளுடைடு பக்கம் சாய்வேன். செலக்ட் ஆய்வு 2023இல் வந்தது. 17,604 பேர், 45 வயதுக்கு மேல், இதய ரத்தநாள நோய் உண்டு, சர்க்கரை இல்லை. முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக ஆண்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 20 சதவீதம் குறைந்தது. கல்லீரலில் தழும்பு விழும் கட்டத்துக்கு, அதாவது எஃப்2, எஃப்3 நிலைக்கு, 2025 ஆகஸ்டில் செமாகுளுடைடுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

எடையை மட்டும் கேட்டால் டிர்செபடைடு முந்துகிறது. நேருக்கு நேர் மோதிய சர்மவுண்ட்-5 ஆய்வில் 72 வாரத்தில் 20.2 சதவீதம், செமாகுளுடைடுக்கு 13.7.

ஆண்கள் கவனிக்க: இந்த ஆய்வுகளில் ஆண்களுக்கு இறங்கும் சதவீதம் பெண்களைவிடக் குறைவாகவே வருகிறது. செமாகுளுடைடின் முதல் பெரிய ஆய்வில் சராசரி 14.9 என்று வந்ததே, அதில் நான்கில் மூவர் பெண்கள். செலக்டில் இரண்டு வருடத்தில் இறங்கியது 9.4 சதவீதம்தான். விளம்பரத்தில் வரும் எண்ணை உங்கள் இலக்காக எழுதிக்கொள்ளாதீர்கள்.

#4 சுருக்குவழி

எல்லாம் சரி. ஊசி, ஃபிரிட்ஜ், மாதக்கணக்கில் படி ஏறுவது என்று எதற்கு இவ்வளவு? ஃபென்டர்மின் 37.5, காலையில் ஒன்று, பசி போய்விடும். 1959இலிருந்து இருக்கிற மருந்து. இன்னொன்று, தொப்பை ஆண்களில் பலருக்கு டெஸ்டோஸ்டிரான் குறைவு. அதை ஏற்றிவிட்டால் கொழுப்பு தானாகக் கரையும், தசையும் ஏறும். ஏன் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை?

#5 மாத்திரைப்பெட்டி

தம்பி, ஃபென்டர்மினுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், டெஸ்டோஸ்டிரானை நாடி சார் பார்த்துக்கொள்வார்.

பசி போகும், உண்மை. அது ஆம்ஃபெட்டமின் குடும்பத்து உறவினர், அதனால்தான் போகிறது. கூடவே நாடித்துடிப்பும் அழுத்தமும் ஏறலாம், தூக்கம் கெடும், வாய் உலரும். தனி ஃபென்டர்மினின் அனுமதியே சில வாரங்களுக்குத்தான், வழக்கமாக 12 வாரம். நிறுத்தியதும் பசி திரும்பும். இதய நோய், கட்டுப்படாத அழுத்தம், தைராய்டு அதிகம், கிளாகோமா (கண் நீரழுத்த நோய்), போதைப் பழக்கப் பின்னணி இருந்தால் தொடவே கூடாது. எம்ஏஓ தடுப்பி (மனச்சோர்வுக்கான பழைய வகை) மாத்திரை நிறுத்தி 14 நாள் ஆகியிருக்க வேண்டும். காகித ஆள் 42 வயது, அழுத்தம், சிகிச்சை பார்க்காத மூச்சுத் தடை. இரவெல்லாம் ஆக்சிஜன் இறங்கி ஏறும் இதயத்துக்குப் பகலில் சாட்டையடி எதற்கு?

போட்டிகளில் ஓடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: போட்டிக் காலத்தில் ஃபென்டர்மின் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளது.

டோபிரமேட்டோடு சேர்ந்த கலவை நீண்டகாலத்துக்கு. 3.75/23 மி.கி. (முன்னது ஃபென்டர்மின், பின்னது டோபிரமேட்) 14 நாள், பிறகு 7.5/46. 12 வாரத்தில் 3 சதவீதம் இறங்கவில்லை என்றால் நிறுத்து, அல்லது 11.25/69 வழியாக 15/92க்கு ஏறு. மேலும் 12 வாரத்தில் 5 சதவீதம் தொடாவிட்டால் அத்தோடு முடிந்தது. உச்ச அளவிலிருந்து சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறைந்தது ஒரு வாரம் இறக்கித்தான் விட வேண்டும். விரல் நுனி மரத்துப்போதல், சொல் தேடித் தடுமாறுதல் இரண்டும் டோபிரமேட்டின் முத்திரை. சிறுநீரகக் கல்லையும் கூட்டும். கல் ஏற்கெனவே ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஒருமுறை வந்தவர் இதைத் தவிர்ப்பது நல்லது. வியர்வை குறையும், வெயிலில் வேலை பார்ப்பவர் கவனம்.

நால்ட்ரெக்ஸோன்-புப்ரோபியான்: 8/90 மாத்திரை. முதல் வாரம் காலையில் 1, இரண்டாம் வாரம் காலை 1 இரவு 1, மூன்றாம் வாரம் காலை 2 இரவு 1, நான்காம் வாரத்திலிருந்து 2, 2. முழு அளவில் 12 வாரம் ஆகியும் 5 சதவீதம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். உடைக்காதீர்கள், மெல்லாதீர்கள், எண்ணெய் மிதக்கும் சாப்பாட்டோடு விழுங்காதீர்கள். மருந்து ரத்தத்தில் குப்பென்று ஏறி வலிப்பு அபாயம் கூடும். வலிப்பு நோய் உள்ளவருக்கு இது கிடையாது. தினம் நிறையக் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்துபவருக்கும் கிடையாது. இதைப் பலர் மருத்துவரிடம் மறைக்கிறார்கள், அங்கேதான் விபத்து. ட்ரமடால், கோடீன் போன்ற வலி மருந்துகளை நால்ட்ரெக்ஸோன் செயலிழக்கச் செய்துவிடும். புகை நிறுத்த ஏற்கெனவே புப்ரோபியான் எடுக்கிறவருக்கு இது இரட்டை டோஸ். மெட்டோபுரலால் எடுப்பவருக்கு அந்த மாத்திரையின் அளவு ரத்தத்தில் கூடும், நாடித்துடிப்பைப் பாருங்கள்.

#6 நாடி

டெஸ்டோஸ்டிரான் விஷயத்தில் சுருக்குவழி தலைகீழாகப் பிடித்திருக்கிறார். கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரானை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மூளை அதைப் பார்த்து "போதும்" என்று ஆணின் விதைக்கு (விரைக்கு) அனுப்பும் கட்டளையைக் குறைக்கிறது. கூடவே இன்சுலின் அதிகமாக இருப்பதால் ஹார்மோனைச் சுமக்கும் எஸ்ஹெச்பிஜி புரதம் குறைந்து, மொத்த அளவு உள்ளதைவிடவும் தாழ்வாகத் தெரியும். பெரும்பாலோருக்குத் தொப்பைதான் காரணம், ஹார்மோன் அதன் விளைவு. எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும். எடை 10, 15 சதவீதம் இறங்கும்போது அளவு தானே ஏறுவதைப் பரவலாகப் பார்க்கலாம்.

வெளியிலிருந்து ஊசி போட்டால் என்ன ஆகும்? விதை வேலையை நிறுத்தும். விந்தணு எண்ணிக்கை பூச்சியம் வரை போகலாம். குழந்தைக்குத் திட்டமிடும் ஆணுக்கு இது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிற வேலை. ரத்தம் கெட்டியாகும், ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 54 தாண்டினால் நிறுத்த வேண்டும். சிகிச்சை பார்க்காத மூச்சுத் தடை மோசமாகலாம். உண்மையான குறைபாடு உள்ளவர்களுக்கு அது நல்ல மருந்து. ஆனால் எடைக்குறைப்பு மருந்து அல்ல.

அளந்து பார்ப்பதென்றால் காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாட்களில். மாலை நான்கு மணிக்கு எடுத்த ஒற்றை ரிப்போர்ட்டை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது.

#7 தண்டால்

ஆண்கள் இந்த மருந்துகளில் கோட்டைவிடும் இடம் தசை. செமாகுளுடைடு ஆய்வில் 140 பேரை டெக்ஸா ஸ்கேனில் (கொழுப்பையும் தசையையும் பிரித்து அளப்பது) பார்த்தார்கள். இறங்கிய எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு அருகில் கொழுப்பல்லாத எடை. டிர்செபடைடில் அது நான்கில் ஒரு பங்கு. காகித ஆள் 15 சதவீதம் இறக்கினால் 16.8 கிலோ. அதில் 4 முதல் 6 கிலோவுக்கு மேல் தசையும் நீரும் உறுப்பும் சேர்ந்த கணக்கு. முழுக்கத் தசை அல்ல, பயப்பட வேண்டாம், ஆனால் சும்மா உட்கார்ந்தால் தசைப் பங்கு கூடும். பிறகு மருந்தை நிறுத்தி எடை திரும்பும்போது வருவது கொழுப்பு. சுற்று முடிவில் அதே 112 கிலோ, முன்பைவிட மோசமான 112.

புரதத்தை இப்போதைய எடைக்குக் கணக்குப் போடாதீர்கள், எட்டவே முடியாத எண் வரும். உயரத்துக்கு ஏற்ற எடையை எடுங்கள். 174 செ.மீ.க்கு பிஎம்ஐ 25 என்றால் சுமார் 76 கிலோ. கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் என்று போட்டால் நாளுக்கு 90 முதல் 120 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த எண்ணை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பசியே இல்லாத நிலையில் இதை முடிப்பது எப்படி என்றால், தட்டில் புரதத்தை முதலில் தின்னுங்கள். மற்றதற்கு இடமிருந்தால் பிறகு. நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 25, 30 கிராம் வரும்.

எடைப் பயிற்சி வாரம் இரண்டு மூன்று நாள். உட்கார்ந்து எழுதல், தரையிலிருந்து தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், நான்கு அசைவுகள் போதும். ஒவ்வொன்றிலும் 2, 3 சுற்று, சுற்றுக்கு 8 முதல் 12 முறை, கடைசி இரண்டு முறை திணற வேண்டும். நடை நல்லதுதான், ஆனால் நடை மட்டும் தசையைக் காக்காது.

டோஸ் கூட்டிய வாரத்தில் பயிற்சியின் பளுவைக் குறையுங்கள், நாளை விடாதீர்கள். தராசைவிட இடுப்பு டேப்பும், தூக்கும் பளு எழுதிய நோட்டும் நம்பகமானவை. எடை இறங்குகிறது, இடுப்பு இறங்கவில்லை, பளுவும் குறைகிறது என்றால் தசைதான் போய்க்கொண்டிருக்கிறது.

#8 ஊசிமுனை

போடும் முறையில் வரும் தவறுகளைப் பற்றி நான்.

தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி வயிறு, அல்லது தொடையின் முன்பக்கம், அல்லது மேல்கை. வாரா வாரம் இடம் மாற்றுங்கள். அதே புள்ளியில் குத்தினால் கட்டி தட்டி மருந்து ஒழுங்காக உறிஞ்சாது. பேனாவைத் தோலோடு அழுத்தி, முழு மருந்தும் இறங்கியதற்கான அடையாளம் தெரியும் வரை எடுக்காதீர்கள். அவசரத்தில் எடுத்தால் தோலின் மேல் ஈரம் தெரியும். டோஸின் ஒரு பகுதி வீண். அதை ஈடுகட்ட இன்னொரு பேனாவைப் போடக் கூடாது.

ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி. உறைவிப்பான் அறைக்கு அருகில், பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்தது உருகினாலும் குப்பைக்குத்தான். வெளியே 30 டிகிரிக்குள் வைத்தால் ஒற்றை டோஸ் பேனாக்களில் வெகோவி (செமாகுளுடைடு) 28 நாள், செப்பவுண்ட் (டிர்செபடைடு) 21 நாள் தாங்கும். நிறுத்திய காருக்குள் வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது.

மறந்துபோனால்: செமாகுளுடைடு 2.4 வரிசையில் அடுத்த ஊசிக்கு 2 நாளுக்கு மேல் இருந்தால் உடனே போடலாம், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். டிர்செபடைடில் தவறிய நாளிலிருந்து 4 நாளுக்குள் போடலாம். கிழமை மாற்ற வேண்டுமானால் இரண்டு ஊசிக்கு நடுவே செமாகுளுடைடுக்கு 48 மணி, டிர்செபடைடுக்கு 72 மணி இடைவெளி வேண்டும். லிராகுளுடைடை 3 நாளுக்கு மேல் விட்டால் மறுபடி 0.6. வார ஊசியில் இரண்டு மூன்று வாரம் விட்டுப்போன பிறகு பழைய உச்ச அளவையே போட்டு வாந்தியில் மருத்துவமனைக்குப் போவது நடக்கிற கதை. கீழ்ப்படியிலிருந்து தொடங்குவதா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மிக ஆபத்தான தவறு குப்பியிலிருந்து சிரிஞ்சில் இழுக்கும்போது வருவது. இன்சுலின் சிரிஞ்சின் கோடுகள் யூனிட், மருந்தின் கணக்கு மி.கி. இரண்டும் ஒன்றல்ல. 100 யூனிட் என்றால் 1 மி.லி. குப்பியில் மி.லி.க்கு 5 மி.கி. இருந்தால் 0.25 மி.கி.க்கு 0.05 மி.லி., அதாவது 5 யூனிட். மி.லி.க்கு 2.5 மி.கி. குப்பியானால் அதே 0.25க்கு 10 யூனிட். முதல் குப்பியில் 5க்குப் பதில் 50 இழுத்தால் உள்ளே போவது 2.5 மி.கி., பத்து மடங்கு, முதல் நாளே வழக்கமான உச்ச அளவைத் தாண்டி. செமாகுளுடைடின் பாதி வெளியேறவே ஒரு வாரம் ஆகும்; உள்ளே போனதை எடுக்க வழியில்லை. கலந்து விற்கும் மருந்துகளில் 5 முதல் 20 மடங்கு வரை தவறிப் போட்டவர்கள் பற்றி எஃப்.டி.ஏ. 2024இல் எச்சரித்தது. குப்பியில் மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று எழுதவில்லையென்றால் அதை வாங்காதீர்கள்.

#9 சுருக்குவழி

சரி, ஃபென்டர்மினை விட்டுவிட்டேன். ரெடட்ருடைடு என்று ஒன்று இணையத்தில் பொடியாகக் கிடைக்கிறதே, "ஆய்வுக்கு மட்டும்" என்று போட்டு?

#10 நாடி

ஆய்வில் இருக்கும் மூலக்கூறு நல்லதாகவே இருக்கலாம். உங்கள் கையிலுள்ள பொடி அதுதானா, எவ்வளவு, கிருமி நீக்கியதா என்று சொல்ல யாரும் இல்லை. "ஆய்வுக்கு மட்டும்" என்பது விற்பவர் தப்பித்துக்கொள்ள எழுதும் வாசகம், அதைத் தர முத்திரையாகப் படிக்காதீர்கள்.

அதே கடைகளில் டிஎன்பி, கிளென்பியூட்டரால், தைராய்டு மாத்திரை எல்லாம் இருக்கும். உடற்பயிற்சிக் கூடங்களில் ஆண்களுக்குள் சுற்றுவது இவைதான். டிஎன்பி 1930களில் எடைக்காகக் கொடுக்கப்பட்டு, கண்புரை, மரணங்களுக்குப் பிறகு கைவிடப்பட்டது. செல்லின் சக்தியை வெப்பமாக வீணாக்கும். அளவு மிஞ்சினால் உடம்பு உள்ளிருந்தே வேகும், மாற்று மருந்து இல்லை. இந்தத் துறையின் வரலாறே எச்சரிக்கையானது: ஃபென்ஃபுளூரமின் இதய வால்வுக் கோளாறால் 1997இல் போயிற்று, சிபுட்ரமின் 2010இல், லோர்காசெரின் புற்றுநோய்ச் சந்தேகத்தால் 2020இல். அனுமதி பெற்று விற்றவற்றின் கதையே இது. அனுமதி இல்லாதவற்றின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

#11 மாத்திரைப்பெட்டி

ஆர்லிஸ்டாட் பற்றி யாரும் பேசவில்லை. பாவம், அதற்கும் ஓர் ஓரம் உண்டு: ஊசி வேண்டாதவர், கணைய அழற்சி வந்தவர், மனநல மருந்துகளோடு மோதுமோ என்று கலவை மாத்திரைகளுக்குப் பயப்படுபவர். எக்ஸென்டோஸ் என்ற நான்கு ஆண்டு ஆய்வில் இறங்கியது 5.8 கிலோ, மருந்தில்லாத வெற்று மாத்திரையில் 3 கிலோ. எண் சிறிது, ஆனால் சர்க்கரை நோய் வருவது 37 சதவீதம் குறைந்தது.

தோற்பது ஒரே காரணத்தால். 2000 கலோரியில் 30 சதவீதம் கொழுப்பு என்றால் நாளுக்கு 67 கிராம், வேளைக்கு 22. ஒரே வேளையில் 50 கிராம் சாப்பிட்டால் உறிஞ்சாத எண்ணெய் கேட்காமல் வெளியே வரும். உள்ளாடையில் கறை பட்ட மறுநாள் மாத்திரை குப்பைக்கு. சாப்பிடும்போதோ முடித்து 1 மணிக்குள்ளோ எடுங்கள், கொழுப்பில்லாத வேளைக்கு வேண்டாம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களைப் படுக்கும்போது. தைராய்டு மாத்திரைக்கு 4 மணி இடைவெளி. வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்க) எடுப்பவர் ஐஎன்ஆர் என்ற ரத்த உறைவுப் பரிசோதனை பார்க்க வேண்டும்.

#12 ஊசிமுனை

ஊசிகளில் என்னென்ன கெடும் என்பதை யாராவது ஒரே இடத்தில் எழுதுங்களேன். குமட்டல், மலச்சிக்கல் தாண்டி.

#13 நாடி

குமட்டல் பெரும்பாலும் டோஸ் கூட்டிய முதல் சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். வயிறு காலியாவது மந்தமாகிவிட்டது, பழைய அளவுக்கே தட்டை நிரப்புகிறோம், அதுதான் காரணம். தட்டில் பாதிச் சாப்பாடு போட்டுக்கொள்ளுங்கள், மெதுவாகச் சாப்பிடுங்கள், முதல் நிறைவில் எழுந்துவிடுங்கள், இரண்டு மூன்று மணி நேரம் படுக்காதீர்கள். அடங்காவிட்டால் அடுத்த படிக்குப் போகாமல் இதே அளவில் இன்னும் நான்கு வாரம் நிற்பது தோல்வியல்ல. மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் நார்ச்சத்தும், போதாதென்றால் மேக்ரோகால் என்ற மலமிளக்கி. நான்கு நாள் விட்டுவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

ஆண்கள் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் தனி. எடை இறங்க அழுத்தமும் இறங்கும், பழைய மாத்திரை அதே அளவில் ஓடும். எழுந்தால் தலை சுற்றும். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுப்பவருக்கு இது இரட்டிப்பு. இரவில் சிறுநீருக்கு எழுந்து குளியலறையில் விழுகிறார்கள். வீட்டில் வாரம் இரண்டு முறை உட்கார்ந்தும் நின்றும் அழுத்தம் எழுதி வையுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தண்ணீர் வற்றிய நாளில் நீரிறக்கி மாத்திரை, ராமிபிரில் வகை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் வகையை நிறுத்தி வைப்பதா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். சிறுநீரகம் அடிவாங்குவது அந்த நாட்களில்தான். இன்சுலினோ சல்ஃபோனிலூரியாவோ எடுப்பவருக்கு ஆரம்பத்திலேயே அதன் அளவைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

கவுட் உள்ளவருக்கு, வேகமாக எடை இறங்கும் மாதங்களில் யூரிக் அமிலம் தற்காலிகமாக ஏறிப் பெருவிரல் வீங்கலாம். பட்டினி போடாதீர்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள், அலோபுரினாலை நீங்களாக நிறுத்தாதீர்கள். பித்தப்பைக் கல்லும் வேக எடைக்குறைப்பின் உடன்பிறப்பு. வலது மேல்வயிற்று வலியோடு காய்ச்சலோ மஞ்சளோ வந்தால் காத்திருக்க வேண்டாம். முதுகுக்கு ஊடுருவும் விடாத வயிற்று வலி என்றால் கணையம், ஊசியை நிறுத்தி அன்றைக்கே போங்கள். திடீர்ப் பார்வைக் குறைவும் அப்படியே. சர்க்கரையால் விழித்திரை கெட்டவர் தொடங்கும் முன் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது தற்காலிகமாக மோசமாகலாம்.

மூன்றாம் மாதவாக்கில் சிலருக்கு முடி கொட்டும். எடை வேகமாக இறங்கியதால் வருவது. வழுக்கை வேறு, இது வேறு. பெரும்பாலும் திரும்பி வரும்.

தனக்கோ ரத்த உறவிலோ மெடுல்லரி தைராய்டு புற்றுநோய், அல்லது எம்இஎன்-2 (சுரப்பிகளில் கட்டி வரும் பரம்பரை நோய்) இருந்தால் இந்த ஊசிகள் கிடையாது.

#14 தராசு

எத்தனை நாள்? எடை வந்ததும் நிறுத்திவிடலாமா? எல்லோரும் கடைசியில் கேட்பது இதுதான்.

#15 நாடி

அழுத்த மாத்திரை போட்டு அழுத்தம் சரியாகிவிட்டது, நிறுத்தலாமா என்று கேட்பதைப் போலத்தான். செமாகுளுடைடு நிறுத்திய ஓர் ஆண்டில் இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. டிர்செபடைடின் சர்மவுண்ட்-4 ஆய்வில் 36 வாரத்தில் 20.9 சதவீதம் இறக்கிய பிறகு பாதிப் பேருக்கு ரகசியமாக வெற்று ஊசி கொடுத்தார்கள். அவர்களுக்கு 14 சதவீதம் ஏறியது. தொடர்ந்தவர்களுக்கு இன்னும் 5.5 இறங்கியது. பசியையும் நிறைவையும் சொல்லும் குடல் சமிக்ஞைகளை மருந்து பிடித்து வைத்திருந்தது, விட்டதும் உடம்பு பழைய எடையைத் தேடுகிறது. மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அதனால் தொடங்கும் முன்பே "இரண்டு வருடம் தொடர வாங்கிப் போட முடியுமா" என்று கேட்டுக்கொள்வது நல்லது. முடியாதென்றால் ஆறு மாதம் ஊசி போட்டு நிறுத்துவதைவிட வேறு வழி யோசிக்கலாம். பிஎம்ஐ 35, 40 என்று இருப்பவர்கள் அறுவை சிகிச்சையையும் அதே மேசையில் வைத்துப் பேச வேண்டும்.

ஓர் ஆண்டுக்குப் பிறகு எடை நின்றுபோவது இயல்பு. சிறிய உடம்புக்கு வேண்டிய சக்தியும் சிறிது. அதை மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டோஸ் கூட்டச் சொல்லாதீர்கள்.

#16 தண்டால்

நிறுத்துவதென்றே முடிவானால் சட்டென்று வேண்டாம். படிப்படியாக இறக்குங்கள், அந்த மாதங்களில் எடைப் பயிற்சி நாளை ஒன்று கூட்டுங்கள், வாரம் ஒருமுறை அதே கிழமை அதே நேரம் எடை பாருங்கள். 3 கிலோ ஏறினால் மருத்துவரிடம் போவது என்று முன்பே எண்ணைத் தீர்மானித்து எழுதிவிடுங்கள். 10 கிலோ ஏறும் வரை கண்ணாடியைப் பார்க்காமல் இருப்பதுதான் நம் ஆட்கள் செய்வது.

#17 புதுவரவு

முழு இழையும் படித்தேன், நன்றி ஐயா. ஒரே ஒரு சந்தேகம். அடுத்த மாதம் கொலோனோஸ்கோபி, லேசான மயக்கம் கொடுத்து. வார ஊசியை விட வேண்டுமா?

#18 ஊசிமுனை

மயக்க மருந்து கொடுப்பவருக்கு முதலில் தெரிவிக்க வேண்டும், ஊசியின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி மூன்றையும். வயிறு மந்தமாகக் காலியாவதால், வழக்கமான பட்டினி இருந்தும் உணவு மிச்சம் இருந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம் என்பதுதான் பயம். 2023இல் ஒரு வாரம் முன்பே விடச் சொன்னார்கள். 2024இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல கூடி, பெரும்பாலோர் தொடரலாம், அபாயம் உள்ளவர்கள் 24 மணி நேரம் திரவ உணவில் இருந்தால் போதும் என்று தளர்த்தின. டோஸ் ஏற்றிக்கொண்டிருக்கும் கட்டத்தில் இருந்தாலோ, குமட்டல், வயிறு உப்பல் இருந்தாலோ தள்ளிப் போடலாமா என்று கேளுங்கள். கொலோனோஸ்கோபிக்கு எப்படியும் முந்தின நாள் திரவம்தான். மலச்சிக்கல் இருந்தால் குடல் சுத்தமாக இன்னும் கூடுதல் நாள் தேவைப்படும், அதையும் சொல்லிவிடுங்கள்.

#19 புதுவரவு

குறித்துக்கொண்டேன். இப்போது 1.7இல் இருக்கிறேன், அடுத்த வாரம் 2.4க்குப் போக வேண்டியது.

#20 ஊசிமுனை

பரிசோதனை முடியும் வரை 1.7லேயே நிற்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் நாளைக்கே கேட்டுவிடுங்கள். நான்கு வாரம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.